ஹெல்ம்: முதலில் தலைக்கவசமா, வெறும் மூடியா?

சொல்தோண்டி

பழைய ஆங்கிலக் காவியமான பேயோவுல்ஃபில் டேனிஷ் அரசன் ஹ்ரோத்காருக்கு ஒரு பட்டம் வருகிறது: 'ஹெல்ம் ஷில்டிங்கா'. ஷில்டிங் என்பது அவன் குலம். ஹெல்ம் என்பது நாம் ஹெல்மெட் என்கிறோமே, அதற்குத் தாய்ச்சொல். 'ஷில்டிங் குலத்தின் ஹெல்மெட்டே!' என்று ஒரு ராஜாவைக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? உரைகாரர்கள் 'காவலன்' என்று பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அதே காவியத்தில் இருட்டிக்கொண்டு வருவதை 'நிஹ்த்ஹெல்ம் கறுத்தது' என்கிறான் புலவன். நிஹ்த் என்றால் இரவு. மேகத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் 'லிஃப்ட்ஹெல்ம்' என்றொரு சொல் உண்டு. (நம் மாடிக்குப் போகும் லிஃப்ட் இல்லை. ஜெர்மனில் காற்றை லுஃப்ட் என்பார்களே, அது.) அரசனின் மகுடம் 'க்யுனெஹெல்ம்'. மரத்தின் இலையடர்ந்த உச்சிக்கும் ஹெல்ம்தான்.

மொழியியலாளர்கள் மீட்டெடுத்த ஆதி ஜெர்மானிய வடிவம் *ஹெல்மஸ். முன்னால் உள்ள நட்சத்திரக் குறிக்கு, 'எழுத்தில் கிடைக்கவில்லை, பிற்கால வடிவங்களிலிருந்து கணித்தது' என்று அர்த்தம். அதற்கும் பின்னால் இருப்பது 'மூடு, மறை' என்ற பொருளுள்ள இந்தோ-ஐரோப்பிய வேர் *கெல். பழைய ஆங்கில 'ஹெலன்' (மறைத்தல்), லத்தீன் 'கேலாரே' (ஒளித்தல்), ஆங்கில ஹெல், அதாவது நரகம், கண்ணுக்கு மறைந்த இடம், கூரை மூடிய ஹால், லத்தீன் வழியாக வந்த செல் எல்லாம் இந்த ஒரே வேரில் கிளைத்தவை. கலர் என்ற சொல்லும் அப்படித்தான், பொருளின் மேலே மூடியிருப்பது. ஆக, ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர் தூரத்துச் சொந்தக்காரர்கள் இருவரைத்தான் ஒட்டவைத்திருக்கிறார்.

என் கட்சி இதுதான்: இந்தச் சொல்லில் இரும்பும் இல்லை, தலையும் இல்லை. 'மூடுவது' என்பதே முதல் பொருள். இரவு, மேகம், அரசன் எல்லாம் அந்த முதல் பொருளின் மிச்சங்கள். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கொல்லன்பட்டறை

மறுப்பு இருக்கிறது. வேரின் பொருள் வேறு, சொல்லின் பொருள் வேறு.

ஜெர்மானியக் கிளைகளை வரிசையாகப் பாருங்கள். கோத்திக் மொழியில் ஹில்ம்ஸ், ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியான பழைய நார்ஸில் ஹ்யால்ம்ர், பழைய உயர் ஜெர்மன், பழைய சாக்ஸன், பழைய ஆங்கிலம் மூன்றிலும் ஹெல்ம். இத்தனைக்கும் பொதுவாக உள்ள பொருள் ஒன்றே ஒன்று: போரில் தலையில் போடுவது. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா பைபிளைக் கோத்திக்கில் மொழிபெயர்த்தபோது, எபேசியர் 6:17இல் கிரேக்க மூலம் தலைக்கவசம் என்று சொல்லும் இடத்தில் தயங்காமல் ஹில்ம்ஸ் என்ற சொல்லைத்தான் போட்டார். ஜெர்மானிய மொழிகளில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய நீண்ட உரையே அதுதான். அங்கே மூடியும் இல்லை, மேகமும் இல்லை.

ஆங்கில 'லார்ட்' என்ற சொல்லைப் பிரித்தால் 'ரொட்டிக் காவலன்' என்று வரும். அதற்காக ஒரு பிரபுவைக் கும்பிட்டவன் ரொட்டியை நினைத்தானா என்ன? இரவின் ஹெல்ம், காற்றின் ஹெல்ம் எல்லாம் புலவர்களின் வேலை. தலைக்கவசத்தைப் பார்த்துவிட்டு மேகத்துக்கு ஏற்றிச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ரைன்கரை

நான் இருப்பது கொலோன் பக்கம். இங்கே ஹெல்ம் அன்றாடச் சொல். சைக்கிளுக்கு ஃபாராட்ஹெல்ம், கட்டட வேலைக்கு ஷுட்ஸ்ஹெல்ம், ஐநா அமைதிப்படைக்கு ப்ளௌஹெல்ம், அதாவது நீல ஹெல்ம். தேவாலயக் கோபுரத்தின் கூர்மையான உச்சிக் கூரைக்கு டூர்ம்ஹெல்ம். சாராயம் வடிக்கும் பழைய பாத்திரத்தின் மேல்மூடிக்கும் ஹெல்ம் என்ற பெயர் உண்டு.

சுவாரசியம் என்னவென்றால், ஒளித்துவைக்கும் 'ஹேலென்' என்ற வினையும் உயிரோடு இருக்கிறது. திருட்டுப் பொருளை வாங்கிப் பதுக்குகிறவன் 'ஹேலர்'. 'திருடனைவிடப் பதுக்குகிறவன் மோசம்' என்று பழமொழியே உண்டு, ஜெர்மனில் எதுகையோடு வரும். ஆனால் ஹேலரும் ஹெல்மும் ஒரே வேர் என்று என் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது.

டச்சுக்காரர்களிடம் இன்னொன்று. சில குழந்தைகள் தலையில் பனிக்குடத்தின் சவ்வோடு பிறக்கும் இல்லையா, அந்தச் சவ்வுக்கு அங்கே ஹெல்ம் என்று பெயர். 'ஹெல்மோடு பிறந்தவன்' என்றால் வருவதை முன்கூட்டி அறிகிறவன். இது புலவர் சொன்னதில்லை, பிரசவம் பார்த்த பெண்கள் சொன்னது.

அப்புறம், கொல்லன் சொன்ன எபேசியர் வசனம் பழைய தமிழ் பைபிளில் 'இரட்சணியமென்னும் தலைச்சீரா' என்று இருக்கிறது. சீரா என்பது பாரசீக 'சிரஹ்', கவசம். உருது வழியாக வந்தது. சின்ன வயதில் அதை ஏதோ தலைப்பாகை என்றே நினைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர்.

மாறன்_வைகை

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். 'இல்லம்' நம்மை மூடிக் காக்கிறது. மேலைநாட்டார் முன்னால் ஒரு ஹகரம் சேர்த்துச் சொன்னால் ஹெல்ம். இதற்கு எதற்கு நட்சத்திரக் குறி?

சொல்தோண்டி

மாறன், அந்த ஹகரம் சேர்த்தது இல்லை, மாறி வந்தது. அதுதான் சிக்கல்.

1818இல் ராஸ்மஸ் ராஸ்க்கும் 1822இல் யாக்கோப் கிரிம்மும் காட்டிய ஒலிமாற்றம் இது. பிற இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் சொல் முதலில் ககரம் நிற்கும் இடத்தில் ஜெர்மானியத்தில் ஹகரம் நிற்கும். லத்தீன் 'கோர்னு', ஆங்கில 'ஹார்ன்' (கொம்பு). லத்தீன் 'கனிஸ்', ஆங்கில 'ஹவுண்ட்' (நாய்). லத்தீன் 'கென்டும்', ஆங்கில 'ஹண்ட்ரட்' (நூறு). அதே கணக்கில் லத்தீன் 'கேலாரே', பழைய ஆங்கில 'ஹெலன்'. ஹெல்மின் மூதாதைச் சொல் ககரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். இல்லத்தில் ககரம் ஏது?

நம் ஊர்ப் பக்கம் உறவு தேடினால் வேறு கதவு திறக்கும். லத்தீனின் இந்தக் ககரம் சமஸ்கிருதத்தில் பெரும்பாலும் சகரமாகிவிடும்: கென்டும் என்பது அங்கே 'சதம்'. ஹெல்முக்கு இணையாகப் பல அகராதிகள் சமஸ்கிருத 'சர்மன்' என்ற சொல்லைக் காட்டுகின்றன. பொருள்: காப்பு, புகலிடம். சர்மா என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார்களே, அதேதான். இந்த இணைப்பை ஏற்காத அறிஞர்களும் உண்டு, ஆகவே நூற்றுக்கு நூறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சரியென்றால் கொல்லனுக்குத் தலைவலிதான். சர்மனில் தலையும் இல்லை, இரும்பும் இல்லை, வெறும் காப்பு மட்டும்.

இன்னொரு சாட்சி, பால்கன் பக்கம் பேசப்பட்டு அழிந்துபோன திரேசிய மொழியிலிருந்து. பிதாகரஸின் வரலாற்றை எழுதிய போர்ஃபிரி, திரேசியர்கள் தோலை 'சல்மோஸ்' என்பார்கள், பிறந்தபோது கரடித்தோல் போர்த்தப்பட்டதால்தான் சல்மோக்சிஸ் என்ற திரேசியருக்கு அந்தப் பெயர் என்று குறிக்கிறார். இதையும் சிலர் இந்தக் குடும்பத்தில் சேர்க்கிறார்கள்.

மாறன்_வைகை

சரி, ககரம் இல்லை, விட்டுவிடுகிறேன். ஆனால் 'குலத்தின் ஹெல்மெட்டே' என்றால் சிரிப்பு வரும் என்று எழுதினீர்களே, அது மட்டும் உறுத்துகிறது. பதிற்றுப்பத்தின் 14ஆம் பாட்டுக்குப் பெயரே 'சான்றோர் மெய்ம்மறை'. குமட்டூர்க் கண்ணனார் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடியது. சான்றோர் என்றால் அங்கே வீரர்கள். மெய்ம்மறை என்றால் மெய்யை மறைப்பது, கவசம். சேரனைக் கவசமே என்றுதான் கூப்பிடுகிறார். பல்லவர் பெயர்களில் வரும் வர்மனும் கவசம்தான்: மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன். ஷில்டிங் ராஜா மட்டும் என்ன விதிவிலக்கு?

சொல்தோண்டி

பிரமாதம். இரண்டுக்கும் உறவு கிடையாது, இரண்டு ஊரிலும் தனித்தனியாக நடந்திருக்கிறது. ஆனால் 'மறை' என்ற வினையிலிருந்து கவசம், கவசத்திலிருந்து அரசன் என்று படி மாறாமல் அப்படியே வருகிறது. பெயர் விஷயமும் அதேதான். வில்ஹெல்ம் என்றால் விருப்பமும் ஹெல்மும். ஆன்செல்ம் என்றால் தெய்வமும் ஹெல்மும். ஃப்ரீட்ஹெல்ம் என்றால் அமைதியும் ஹெல்மும். வர்மன் ஒட்டிக்கொண்ட மாதிரியே.

ரைன்கரை

வில்ஹெல்மின் பயணம் தனிக்கதை. இங்கிலாந்தில் வில்லியம், பிரான்சில் கில்யோம், ஸ்பெயினில் கில்லெர்மோ, இத்தாலியில் குல்யெல்மோ. ரேடியோ மார்க்கோனியின் முதற்பெயர் அதுதான். அயர்லாந்தில் முன்பகுதி தேய்ந்து லியம். கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக்குள்ளும் ஒரு ஹெல்ம் இருக்கிறது.

புதுச்சேரிக்கும் ஒரு கில்யோம் வந்தார், வானியலாளர் கில்யோம் லெ ஜென்தீ. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1768இல் வந்து ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். 1769 ஜூனில் சரியாக அந்த வேளையில் மேகம் மூடிவிட்டது. பழைய ஆங்கிலேயன் பக்கத்தில் இருந்திருந்தால் 'லிஃப்ட்ஹெல்ம்' என்றிருப்பான்.

யாழினி

ரசித்துப் படித்தேன். நார்ஸ் பக்கம் யாரும் போகவில்லை, அதனால் நுழைகிறேன்.

எட்டா என்பது பழைய நார்ஸ் புராணப் பாடல்களின் தொகுப்பு. அதில் 'அல்வீஸ்மால்' என்ற பாடலில் இடித்தேவன் தோர் ஒரு குள்ளனைக் கேள்வி கேட்டு மடக்குவார். நிலா, காற்று, கடல் என்று ஒவ்வொன்றையும் மனிதர் என்ன சொல்வார்கள், தேவர்கள் என்ன சொல்வார்கள், பூதங்கள் என்ன சொல்வார்கள் என்பது விளையாட்டு. மேகத்தின் முறை வரும்போது குள்ளன் சொல்லும் கடைசிப் பெயர்: செத்தவர்களின் உலகமான ஹெல்லில் அதை 'ஹ்யால்ம் ஹுலிட்ஸ்' என்பார்கள், மறைப்பின் ஹெல்ம். மூலத்தில் அந்த அரை வரியில் மூன்று சொற்கள் மோனையாக அடுக்கி வரும்: ஹெல்யு, ஹ்யால்ம், ஹுலிட்ஸ். மூன்றும் சொல்தோண்டி சொன்ன அதே வேரிலிருந்து வந்தவை! மறைந்த உலகம், மறைக்கும் மூடி, மறைப்பு. புலவன் மோனைக்காகத் தேடினானா, உறவு தெரிந்து கோத்தானா என்று சொல்ல வழியில்லை. காது அவனுக்கு ஏதோ சொல்லியிருக்கிறது.

'மறைப்பு ஹெல்ம்' என்பது நார்ஸோடு நிற்கவில்லை. 9ஆம் நூற்றாண்டில் பழைய சாக்ஸனில் இயேசுவின் கதையைப் பாடிய 'ஹேலியான்ட்' காவியத்தில், பிலாத்துவின் மனைவியைக் கனவில் கலங்கடிக்க வரும் சாத்தான் 'ஹெலித்ஹெல்ம்' அணிந்து கண்ணுக்குத் தெரியாமல் வருகிறான். பழைய ஆங்கிலத்திலும் இதே கூட்டுச்சொல் இருக்கிறது. தலையைக் காக்க அல்ல, ஆளையே காணாமல் செய்ய ஒரு ஹெல்ம். இதற்கெல்லாம் பின்னால்தான் வாக்னரின் இசைநாடகத்தில் டார்ன்ஹெல்ம் வருகிறது.

ஒரு புலம்பல். 'ஏகிஸ்ஹ்யால்ம்ர்', அதாவது அச்சத்தின் ஹெல்ம் என்று சொல்லி எட்டுக் கை நட்சத்திரம் ஒன்றைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். வைக்கிங் போர்வீரன் நெற்றியில் வரைந்தது என்று விளம்பரம் வேறு. எட்டா பாடலில் அது ஃபாஃப்னிர் என்ற நாகம் புதையல் மேல் படுத்திருக்கும்போது சூடிய ஒன்று, எல்லோரையும் நடுங்கவைப்பது. எட்டுக் கை வடிவம் நமக்குக் கிடைப்பது பிற்கால ஐஸ்லாந்து மந்திரச் சுவடிகளில், வைக்கிங் காலம் முடிந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. குத்திக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. விலை வைக்கும்போது மட்டும் அந்தக் கதையைச் சேர்க்காதீர்கள்.

கொல்லன்பட்டறை

யாழினி காட்டிய அரை வரி அருமை. ஆனால் அது பாட்டு. நான் கேட்பது பாட்டுக்கு வெளியே. டச்சுச் சவ்வும் எனக்குத்தான் சாதகம்: அது உட்கார்ந்திருப்பது குழந்தையின் தலையில், காலில் இல்லை.

பட்டறைக்காரன் என்ற முறையில் பொருளைப் பேசுகிறேன். கி.பி. 98இல் ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதினார்: ஜெர்மானியரில் மார்புக்கவசம் உள்ளவர் சிலரே, தலைக்கவசம் ஒருவர் இருவரிடம்கூட அரிது. மண்ணும் அதைத்தான் சொல்கிறது. ஆங்கிலோ-சாக்ஸன் காலத்துத் தலைக்கவசங்களை இன்றும் விரல்விட்டு எண்ணிவிடலாம். டெர்பிஷயரில் 1848இல் தாமஸ் பேட்மன் தோண்டிய பென்டி கிரேஞ்ச், உச்சியில் காட்டுப்பன்றி உருவம். சஃபோக்கில் 1939இல் சட்டன் ஹூ. யார்க் நகரில் 1982இல் கொப்பர்கேட். இன்னும் சில. பேயோவுல்ஃபில் கன்னக் காப்புகளுக்கு மேலே பன்றி உருவங்கள் பளபளத்தன என்று ஒரு வரி வருகிறது. பென்டி கிரேஞ்சைப் பார்க்கும்வரை அதைக் கற்பனை என்று ஒதுக்கியிருக்கலாம்.

சட்டன் ஹூ கிடைத்தபோது அது நூற்றுக்கணக்கான துண்டுகள். 1945–46இல் ஹெர்பர்ட் மேரியன் ஒட்டவைத்தார். அதில் குறை தெரிந்ததால் 1970–71இல் நைஜல் வில்லியம்ஸ் முழுக்கப் பிரித்து மறுபடி ஒட்டினார். நீங்கள் படத்தில் பார்க்கும், புருவமும் மூக்கும் மீசையும் சேர்ந்து ஒரு பறவையாக விரியும் முகம் இரண்டாம் தடவை ஒட்டியது.

இப்போது என் வாதம். படையில் எல்லோரும் வெறுந்தலையோடு நிற்கும்போது ஹெல்ம் போட்டவன் ஒருவன்தான், தலைவன். அதனால் தலைவனே ஹெல்ம் ஆனான். இங்கிலாந்தின் பழைய முடிசூட்டுச் சடங்கு முறையில் அரசன் தலையில் வைத்தது மகுடம்கூட இல்லை, தலைக்கவசம். மகுடம் பிறகு வந்தது. க்யுனெஹெல்ம் என்ற சொல்லுக்கு அதுவே போதும். 'மூடுவது' என்ற ஆதிப்பொருளை எதற்கு வரவழைக்க வேண்டும்?

பழவேற்காடு

நடுவில் ஒரு சந்தேகம். கப்பலில் சுக்கான் பிடிப்பதையும் ஆங்கிலத்தில் ஹெல்ம் என்கிறார்களே. 'தலைமை' என்ற பொருள் அங்கிருந்து வந்திருக்காதா?

சொல்தோண்டி

அது வேறு சொல். பழைய ஆங்கிலத்தில் 'ஹெல்மா', சுக்கானின் கைப்பிடி. கோடரிக் காம்புக்கு ஆங்கிலத்தில் 'ஹெல்வ்' என்பார்கள், அதற்கு உறவு. காலப்போக்கில் கடைசி உயிரெழுத்து தேய்ந்ததால் இரண்டும் ஒரே உருவமாகிவிட்டன. புயலில் பாய்மர உச்சியில் நீல ஒளி தெரிவதைச் சொல்லும் 'செயின்ட் எல்மோ நெருப்பு' என்பதிலும் இதைத் தேட வேண்டாம். இத்தாலிய எல்மோ தலைக்கவசம்தான், ஆனால் அந்தப் புனிதர் எராஸ்மஸ். பெயர் சுருங்கி எல்மோ ஆனது.

இனி கொல்லனுக்கு. பட்டறை வாதம் நன்றாக இருக்கிறது, ஒரு இடத்தில் இடிக்கிறது. அதே ஹ்ரோத்காரை அதே காவியம் 'எயொடொர் ஷில்டிங்கா' என்றும் அழைக்கிறது. எயொடொர் என்றால் வேலி, அடைப்பு. தலைவர்களுக்கு இன்னொரு பட்டம் 'எயொர்லா ஹ்லேயொ', வீரர்களின் ஒதுக்கிடம். காற்றும் மழையும் படாத மறைவுக்குப் பெயர் ஹ்லேயொ. வேலியை எந்த அரசன் தலையில் போட்டான்? வேலி, ஒதுக்கிடம், ஹெல்ம் மூன்றும் ஒரே அச்சில் வார்த்த பட்டங்கள். மற்ற இரண்டிலும் 'சூழ்ந்து மறைப்பது' என்பதே பொருளாக இருக்கும்போது மூன்றாவதில் மட்டும் 'தொப்பி வைத்திருப்பவன்' என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பாட்டுக்கு வெளியேயும் ஒன்று தருகிறேன். வட இங்கிலாந்தின் பென்னைன் மலையில் கிராஸ் ஃபெல் என்றொரு சிகரம். வடகிழக்கிலிருந்து அடித்து மலைச்சரிவில் இறங்கும் கொடுங்காற்றுக்கு அங்கே 'ஹெல்ம் காற்று' என்று பெயர். அது வீசும்போது மலையுச்சியை மூடிப் படுத்திருக்கும் மேகத்துக்கு ஹெல்ம் என்று பெயர். இன்றுவரை சொல்கிறார்கள். ஆடு மேய்ப்பவர் சொன்னது, புலவர் இல்லை.

கொல்லன்பட்டறை

மலையுச்சி மலைக்குத் தலைதானே ஐயா! ஆட்டுக்காரருக்கும் உவமை வரும்.

வேலி விஷயத்துக்கு என்னிடம் உடனே பதில் இல்லை, அது கனமான சான்று. ஆனாலும் அதைவைத்து நீங்கள் நிறுவக்கூடியது 'பழைய ஆங்கிலத்தில் மூடும் பொருளும் கூடவே உயிரோடு இருந்தது' என்பதுவரைதான். ஹெலன் என்ற வினை பக்கத்திலேயே புழங்கும் மொழியில் அது நடக்கும். கோத்திக்கில் ஹில்ம்ஸ் தலைக்கவசம் மட்டுமே. ஆதி ஜெர்மானியத்தில் எது முந்தி என்பது அப்படியே நிற்கிறது.

யாழினி

சொல்லின் ஆக்கத்தையும் பார்க்க வேண்டாமா? வேரோடு ஒட்டியிருக்கும் மகரம், வினையிலிருந்து பெயரை ஆக்கும் பழைய விகுதி. 'மூடு' என்பதிலிருந்து 'மூடி' ஆக்குகிற மாதிரி. அது ஒட்டிய நாளில் தலை என்று அந்தச் சொல்லில் எங்கும் சொல்லவில்லை. பொருள் சுருங்கித் தலைக்கு வந்தது பிறகுதான், கோத்திக் பிரிவதற்கு முன்பே வந்திருக்கலாம். அப்படிப் பார்த்தால் நீங்கள் இருவரும் வேறு வேறு காலத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

மற்ற மொழிகள் இதே பொருளுக்கு என்ன செய்தன என்பதும் வேடிக்கை. ஹோமரின் கிரேக்கத்தில் தலைக்கவசம் 'குனேயே', நாய்த்தோல் என்று அர்த்தம், வெண்கலத்தில் செய்தாலும் அதே பெயர். லத்தீன் 'கலேயா' கிரேக்கத்தில் மரநாய்க்குச் சொல்லும் பெயரிலிருந்து வந்தது என்பது வழக்கமான விளக்கம். அவர்கள் தோலை வைத்துப் பெயரிட்டார்கள், ஜெர்மானியர் அது செய்யும் வேலையை வைத்து.

பழவேற்காடு

சுக்கானுக்கு நன்றி. கடைசியாக ஒன்று: ஹெல்ம் என்பதுதான் சொல் என்றால் நம்மிடம் வந்த ஹெல்மெட்டில் அந்த 'எட்' எங்கே ஒட்டியது?

ரைன்கரை

பிரான்சில். பிராங்கியர்களின் ஹெல்ம் பழைய பிரெஞ்சில் 'ஹெல்ம', 'ஹெயொம்' என்று ஆனது. அதற்குச் சிறுமை விகுதி போட்டால் ஹெல்மெட், சின்ன ஹெல்ம். முகம் முழுவதையும் வாளிபோல் மூடிய பெரிய கவசம் ஒருபுறம், அதைவிடச் சிறியது மறுபுறம். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்தச் சின்னது நிலைபெற்று, தன் சொந்த ஹெல்மைப் பாட்டுக்குள் தள்ளிவிட்டது. சொந்த வீட்டுச் சொல் வெளியே போய் பிரெஞ்சு உடையில் திரும்பி வந்தது.

ஸ்பெயினில் யெல்மோ. கிழக்கே ஸ்லாவியர்களும் ஜெர்மானியரிடமிருந்தே வாங்கினார்கள், அவர்கள் வாயில் ஹகரம் ஷகரமானது: ரஷ்ய 'ஷ்லெம்'. அது தேவாலய ஸ்லாவிய வடிவம், கிழக்கு ஸ்லாவியரின் சொந்த வடிவம் 'ஷெலோம்'.

கொல்லன்பட்டறை

பிரெஞ்சுக்காரர்கள் பிறகு அந்தச் சொல்லையே கைவிட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது ஹெயொம் 'ஓம்' என்று தேய்ந்து, அருங்காட்சியகத்திலும் குலச்சின்னங்களிலும் மட்டும் இருக்கிறது. அன்றாடத்துக்குக் 'காஸ்க்'. முதல் உலகப் போரில் 1915இல் அவர்கள் சிப்பாய்களுக்குக் கொடுத்த ஆட்ரியன் தொப்பி காஸ்க். அடுத்த ஆண்டு வெர்டனில் எதிரே ஜெர்மானியர் போட்டு வந்தது ஷ்டால்ஹெல்ம், எஃகு ஹெல்ம்.

கொம்பு பற்றி யாரும் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பு கிடையாது. நார்வேயில் 1943இல் கிடைத்த கெர்முண்ட்பு கவசம் மொட்டையானது. கொம்பை ஊருக்கெல்லாம் பரப்பியது வாக்னர் இசைநாடகத்தின் 1876 பைரோய்ட் மேடைக்காக டோப்ளர் வரைந்த உடைகள். டென்மார்க்கில் கிடைத்த வெக்ஸோ கவசங்களில் கொம்பு உண்டு, ஆனால் அவை ஏறத்தாழ கி.மு. 900, வைக்கிங்குக்கு 1,500 ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவை. அதற்கு மேல் பேச வேண்டுமென்றால் தனி இழை திறங்கள், வருகிறேன்.